பள்ளம் பார்த்து நிறுத்து

எந்தக் கடை முன்னால் நின்றாலும் வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவேன். பக்கத்திலேயே நிழல் இருக்கும். நான் வெயிலில் இருக்கிற சரிவுக்குப் போவேன். என் மனைவிக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. நான் தினமும் ஓட்டுவது பட்டனைத் தொட்டால் கிளம்பிவிடுகிற ஸ்கூட்டர். அதை மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ஆனாலும் கை தானாகத் திரும்புகிறது. "பள்ளம் பார்த்து நிறுத்துடா" என்று அப்பா சொல்லிச் சொல்லி உடம்பில் ஏறிவிட்டது.

அப்பா கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் போளூரைச் சுற்றியுள்ள கிராமங்களும் ஜவ்வாது மலை அடிவாரமும் அவர் சுற்று. 1981 மாடல் 350 சிசி புல்லட் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி ஓட்டினார். வீட்டில் அது ஒன்றுதான் வண்டி. இன்றைக்கு என்னிடமும் அதே வண்டிதான் இருக்கிறது. ஆனால் அது இரண்டாவது வண்டி. இந்த ஒரு வித்தியாசத்துக்குள் எல்லாமே மாறிவிட்டது என்பது எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று.

அவர் காலையில் வண்டி கிளப்புவதை நானும் தங்கையும் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம். பெட்ரோல் டேப்பைத் திறப்பார். சோக்கை இழுப்பார். சாவியைப் போட்டுவிட்டு ஹெட்லைட் டூமுக்கு மேலே இருக்கிற ஆம்மீட்டரைக் குனிந்து பார்த்தபடி கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துவார். முள் மைனஸ் பக்கம் சாயும், நடுவுக்கு வரும், மறுபடி சாயும். கிக்கர் கல்லாக இறுகி, முள் நடுவில் வந்து நிற்கிற இடம்தான் கணக்கு: பிஸ்டன் மேலே வந்துவிட்டது. அங்கே இடது கைப்பிடி ஓரத்தில் இருக்கும் சின்ன லிவரைப் பிடிப்பார். எக்ஸாஸ்ட் வால்வு தூக்கிக்கொண்டு, அடைபட்ட காற்று 'புஸ்' என்று வெளியேறும். கிக்கரை இன்னும் ஒரு பொட்டு இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே மிதி. ஒழுங்காகச் செய்தால் முதல் மிதியிலேயே 'டக்... டக்... டக்' என்று ஆற அமரப் பேச ஆரம்பிக்கும். ஆபீஸ் நேரமாகிவிட்டதென்று ஒரு படியைத் தாண்டினால் ரிட்டர்ன் அடிக்கும். அப்படி அடித்த ஒரு நாளில் கணுக்கால் வீங்கி, அம்மா உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தது நினைவிருக்கிறது. அன்றைக்கு அவர் அந்த வண்டியைத் திட்டிய வார்த்தைகளை எழுத முடியாது.

புல்லட் என்றதும் இப்போது எல்லோருக்கும் ஒரு கனவுப் பார்வை வந்துவிடுகிறது. சரித்திரமும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊரில் பிறந்த வண்டி. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கென்று நம் ராணுவம் அதை விரும்பி வாங்க, 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970ல் இங்கிலாந்தில் கடை கட்டிவிட்டார்கள்; நம் கடற்கரையில் மட்டும் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வரைக்கும் அச்சு மாறாமல் வந்துகொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, நாலு கியர். பெரும்பாலான சாமான்கள் பத்து வருஷம் முன்பின்னான வண்டிகளுக்கும் பொருந்தின. அதனால்தான் எங்கள் வண்டி இன்னும் உயிரோடிருக்கிறது.

அப்பாவுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது, கூப்பிட்ட ஊருக்குப் போய்ச் சேருவது.

1991 மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஆள் வந்தது. பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது, டாக்டரும் ஊரில் இல்லை. கிளம்பிப் போனவர் பாதி வழியில் நின்றுவிட்டார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எண்ணெய் குளித்துக் கறுப்பாக இருந்ததாம். ரிங் தேய்ந்து ஆயில் மேலேறிக்கொண்டிருந்தது. ரீபோர் பண்ண வேண்டும் என்று மெக்கானிக் பாய் நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட ஃபீஸ் முந்திக்கொண்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிளக்கைத் துடைத்து, தீக்குச்சி நெருப்பில் காட்டிச் சுட்டு, மறுபடி மாட்டி, சரிவில் தள்ளி... போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. கன்றுக்குட்டி எழுந்து நின்று தாயை முட்டிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களே கயிறு கட்டி இழுத்துவிட்டிருந்தார்கள். "என்ன சார், பொறுமையா வந்திருக்கீங்க" என்று ஒரு கிழவி கேட்டாளாம். அப்பா இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். ஆனால் அடுத்த வாரமே அம்மாவின் கம்மல் அடகுக்குப் போய், வண்டி ரீபோருக்குப் போயிற்று.

ரீபோர் என்றால் சென்னைப் பயணம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கேஸ்கட் செட். கிடைக்காத நட்டு போல்ட்டுக்குப் புதுப்பேட்டை. மஞ்சள் பையில் பிஸ்டனை வைத்து மடியை விட்டு இறக்காமல் பஸ்ஸில் திரும்புவார். திருவண்ணாமலையில் லேத்துக்காரர் சிலிண்டரைக் கடைந்து தருவார். அதற்கப்புறம் ரன்னிங் இன்: ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டக்கூடாது. இரண்டு மாசம் டிவிஎஸ் 50காரர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். அதுவும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாய் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆரணி ரோட்டில் ஒரு புளியமரம், அதன் கீழே தகரக் கொட்டகை, மண்தரை முழுக்க ஆயில் குடித்துக் கறுப்பு. பாய் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் தூரத்தில் வரும்போதே கேட்டுவிடுவார். "சார், டாப்பெட் லூஸாயிடுச்சு, நேத்தே வந்திருக்கலாம்ல?" கேஸ்கட் வாங்கக் காசில்லாத நாளில் கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையை எடுத்து, எஞ்சின் மூடியின் மேல் வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் ஓரத்தைச் சுற்றி 'டொக் டொக்' என்று தட்டுவார். விளிம்பு அட்டையைத் தானே வெட்டிவிடும். ஷெல்லாக் தடவி மாட்டினால் ஒரு வருஷம் ஓடும். எங்கள் வண்டியின் கியர்பாக்ஸ் மூடிக்குள் யாரோ ஒரு தம்பதியின் பெயர் வெகுநாள் இருந்தது.

அந்தக் கடையில் எப்போதும் மூன்று நாலு பையன்கள் இருப்பார்கள். பத்து, பன்னிரண்டு வயசு. தகர டப்பாவில் ரேஷன் கெரசினை ஊற்றி சாமான் கழுவுவது முதல் பாடம். அப்புறம் ஸ்பேனர் நம்பர் தெரிந்து எடுத்துக்கொடுப்பது. கொஞ்சம் பெரியவனானால் பிளக் சுத்தம் பண்ணலாம், தீப்பொறிக்கான பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்கலாம். "அந்தக் காலத்தில் வேலை தெரிந்த மெக்கானிக்குகள் இருந்தார்கள்" என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பையன்கள் ஞாபகம் வருவார்கள். அந்த வித்தை பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பையன்களின் கையில்தான் வளர்ந்தது. அந்தக் கொட்டகை இன்றைக்கு இல்லை. அதற்காக நான் பெருமூச்சு விடமாட்டேன்.

1985ல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 வந்தபோதே அப்பாவின் சகாக்கள் ஒவ்வொருவராக மாற ஆரம்பித்துவிட்டார்கள். நாலு ஸ்ட்ரோக், நூறு சிசி, லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று பேச்சு. புல்லட்டுக்காரன் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருக்கும்போது அவர்கள் கையசைத்துவிட்டுப் போவார்கள். 1997ல் அப்பாவும் நூறு சிசிக்கு மாறினார். புல்லட் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. மனசு வராமல் விற்காமல் வைத்திருந்தார் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவரைக் கேட்டால் வேறு சொல்வார்: "எவன் வாங்குவான் அதை? எடைக்குக் கேட்டான் ஒருத்தன், அவனும் வரல."

2012ல் நான் அதை வெளியே இழுத்தேன். டேங்குக்குள் துரு, சீட்டுக்குள் எலிக்கூடு, சைலன்ஸருக்குள் குளவிக்கூடு. நான் வேலை செய்வது வங்கியில். ஸ்பேனரை விடப் பேனாவைத்தான் அதிகம் பிடித்தவன். முதல் ஒரு வருஷம் நான் கெடுத்ததைப் பாய் சரிபண்ணுவதாகத்தான் போயிற்று.

டாப்பெட் சரிசெய்ய அவர்தான் கற்றுக்கொடுத்தார். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால் உத்தமம். சிலிண்டருக்கு அடியில், வலப்பக்கம், ஒரே நட்டில் நிற்கிற சின்ன மூடி. திறந்தால் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பாகம் தெரியும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து இரண்டு வால்வும் மூடியிருக்கிற இடத்தில் நிறுத்தி, ராடைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் ஒரு மயிரிழை. மூன்று ஸ்பேனர் பிடிக்க வேண்டும், நமக்கு இருப்பதோ இரண்டு கை. சரியாக வைத்துவிட்டு லாக் நட்டை இறுக்குவோம். இறுக்கும்போதே அது நகர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. நான் முதல்தடவை இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்தேன். பாய் தன் விரலால் தொட்டு, "எக்ஸாஸ்ட் இன்னும் கொஞ்சம் விடு தம்பி, சூடேறினா பிடிக்கும்" என்றார். அவருக்கு அப்போதே ஒரு கண்ணில் புரை. பார்த்துச் சொல்லவில்லை, தொட்டுச் சொன்னார்.

இன்று பழைய வண்டியின் தொல்லைகள் வேறு இடத்திலிருந்து வருகின்றன. வண்டி அதேதான், சுற்றியிருப்பதெல்லாம் மாறிப்போயிற்று. சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போக வேண்டாம். போனில் படம் அனுப்பினால் மூன்றாம் நாள் கூரியரில் வருகிறது. வருவது அசலா என்பதுதான் கேள்வி. அப்பாவின் பாயின்ட் செட் இரண்டு வருஷம் உழைத்தது. பளபளப்பான டப்பாவில் எனக்கு வந்த ஒன்று மூன்று மாசத்தில் குழி விழுந்து கருகிற்று. பெட்ரோலும் அந்தப் பெட்ரோல் இல்லை. 2000த்தில் ஈயம் போயிற்று, அது நல்லதுதான். இப்போது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பருக்கும் அதற்கும் ஆகாது. மாசத்துக்கு மூன்று தடவை மட்டும் ஓடுகிற வண்டிக்கு இது சங்கடம். அதனால் நிறுத்துவதற்கு முன்னால் டேப்பை மூடிவிட்டு, கார்ப்பரேட்டரில் இருக்கிறது தீர்ந்து எஞ்சின் தானாக அணையும் வரை விடுகிறேன். தினமும் ஓட்டிய அப்பாவுக்கு இந்த வேலையே இருந்ததில்லை. கெரசினும் கிடைப்பதில்லை, டீசலில் கழுவுகிறேன். கை நாற்றம் சோற்றுத் தட்டு வரை வருகிறது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் தனிக்கதை. பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1000 ஆயிற்று. இருபது வயசு தாண்டிய வண்டிகளுக்கு 2025ல் 2000. கட்டணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பழசை வைத்துக்கொள்வது என் ஆசை, ஊரார் மூச்சில் புகை விடுவதற்கு விலை உண்டு.

கால்தான் என்னைப் பயமுறுத்துவது. எங்கள் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்; முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அப்பாவுக்கு அப்போது வேறு வண்டி தெரியாததால் குழப்பமும் இல்லை. நான் ஆறு நாள் கையாலேயே பிரேக் பிடிக்கிற ஸ்கூட்டர் ஓட்டிவிட்டு ஏழாம் நாள் இதில் ஏறுகிறேன். குறுக்கே நாய் வந்தால் எந்தக் கால் எங்கே போகும் என்று ஏறும்போதே ஒருமுறை மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

போன வருஷம் ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில், நாலாவது வளைவு தாண்டி வண்டி அணைந்தது. எத்தனை மிதித்தும் உயிர் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆம்மீட்டரைப் பார்த்தேன். கிக்கரை அழுத்த அழுத்த ஆட வேண்டிய முள், மைனஸ் பக்கமே சாய்ந்து அசையாமல் கிடந்தது. அப்பா என்றைக்கோ சொன்னது அப்போதுதான் புரிந்தது: முள் ஆடவில்லை என்றால் பாயின்ட் திறக்கவில்லை. மூடியைக் கழற்றினேன். முந்தின ஞாயிறு நான் இடைவெளி வைத்துவிட்டு ஸ்குருவை முழுசாக இறுக்காமல் விட்டிருக்கிறேன். அது நழுவிப் பாயின்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஃபீலர் கேஜ் வீட்டில் பத்திரமாக இருந்தது. பர்ஸிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, பாயின்ட்டுக்கு நடுவில் செருகி, பேனாக்கத்தியால் ஸ்குருவை இறுக்கினேன். இரண்டாவது மிதியில் கிளம்பிற்று. பக்கத்தில் நிறுத்தி உதவிக்கு வந்திருந்த இரண்டு பையன்கள், டோ பண்ண வண்டி வரவழைக்கவா என்று போனைக் கையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பதவி உயர்வு கிடைத்த நாளில் கூட வந்ததில்லை. அதில் ஒரு அசட்டுத்தனமும் இருக்கிறது. கெடுத்தவனும் நானே, சரிசெய்தவனும் நானே.

பாயின்ட்டே வேண்டாமென்று எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாம். பலர் போட்டுவிட்டார்கள். போட்டால் பாதித் தொல்லை தீரும் என்று பாயே சொல்கிறார். நான் போடவில்லை. அடுத்த வருஷம் போட்டாலும் போடுவேன்.

எங்கள் தெருவிலேயே ஒரு பையன் புது புல்லட் வாங்கியிருக்கிறான், 2023ல் வந்த மாடல். 349 சிசி, ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கிக்கரே கிடையாது. டேங்கில் தங்கக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அவனுக்கு டாப்பெட் என்றால் என்னவென்று தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஏதாவது ஒரு விளக்கு எரிந்தால் சர்வீஸில் விடுகிறான், அங்கே ஒரு ஒயரைச் சொருகிப் பார்த்துச் சொல்கிறார்கள். பாயின் மகன் ஒரகடம் பக்கம் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். அங்கே நட்டு சரியாக இறுகினால் பச்சை விளக்கு எரியுமாம். "எங்கப்பா மாதிரி காதை வெச்சிக் கேட்டுக்கிட்டு நின்னா லைன் நின்னுடும்ணே" என்று சிரித்தான். மாசச் சம்பளம், பி.எஃப்., மகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம். பாய்க்கு அதில் வருத்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இப்போது அவர் காலையில் இரண்டு மணி நேரம் வீட்டுத் திண்ணையில் மட்டும் வேலை பார்க்கிறார், அதுவும் எங்களைப் போல நாலைந்து பேருக்காக.

போன மாசம் அப்பாவைத் திருவண்ணாமலைக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வண்டியைத் தயார் பண்ணியிருந்தேன். டேங்கைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, காலையில் முதல் மிதியிலேயே கிளப்பி வாசலில் நிறுத்திவைத்தேன். எழுபத்தெட்டு வயசில் தன் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து போகப்போகிறார், முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்கு ஆசை.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. குனிந்து, எஞ்சினுக்கு அடியில் நான் போட்டிருந்த அட்டையைப் பார்த்தார். நடுவில் புதுசாக மூன்று சொட்டு.

"இன்னும் ஒழுகுதா?"

"கொஞ்சம்தான்ப்பா."

"டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கார்டா. ஸ்கூட்டரை எடு."

நான் வண்டியை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் செருப்பு முனையால் அந்த அட்டையை மெல்ல நகர்த்தி, நாலாவது சொட்டு தரையில் விழாதபடி நேராக வைத்துக்கொண்டிருந்தார்.